எண்பதாவது நிமிடம்

அழைப்பு மணி இரண்டாவது தடவை அடித்தபோது அவள் அப்பாவின் கழுத்தை ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். துண்டோடு போய்க் கதவைத் திறந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மலர்வளையம் நின்றது. அதற்குப் பின்னால், கால்பந்து கிளப்பின் நீலக் கோட்டும் கையில் கறுப்புப் பட்டியுமாக, பழைய கேப்டன்.

“செய்தி கேட்டதுலேர்ந்து கையும் ஓடல, காலும் ஓடலம்மா,” என்றார். “ஒன்பது சீசன் ஒண்ணா ஆடினோம். இப்படி ஒரு மனுஷன் இனிமே…”

முன்னறையிலிருந்து அப்பா இருமினார்.

கேப்டன் வாயை மூடினார். அப்பா மறுபடி இருமி, “யாரு வாசல்ல?” என்று கேட்டார். குரல் மெலிந்திருந்தாலும் அது அப்பாவின் குரல்தான், சந்தேகமே இல்லை. கேப்டனின் முகம் வெள்ளைத் தாளாகிவிட்டது. அவளுக்கும் ஒன்றும் ஓடவில்லை. மூன்று வாரமாகப் படுக்கையில் கிடக்கிற அப்பா இன்றோ நாளையோ என்று இருக்கிறார், உண்மைதான். ஆனால் இன்னும் இருக்கிறார். அதற்குள் யார் இவருக்குச் செய்தி சொன்னது?

மாடிப்படியில் பாதி இறங்கிய காலடிச் சத்தம் சட்டென்று நின்று, மெதுவாக மேலே ஏறத் தொடங்கியது.

“டேய்,” சமையலறையிலிருந்து அம்மா வெளியே வந்தாள். “இறங்கு கீழ.”

மாமா இறங்கினார். அம்மாவின் தம்பி. கடைத்தெருவில் சாவிக்கடை வைத்திருப்பவர். ஊரில் யார் வீட்டுப் பூட்டு திறக்கவில்லையென்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாத இடத்திலும் போய்த் திறந்து வைப்பார் என்பதுதான் தொல்லை.

“வியாழக்கிழமை போன் பண்ணினேன்கா,” என்றார் தரையைப் பார்த்து. “கிளப்புக்கு.”

“என்னன்னு?”

“மச்சான் போயிட்டார்னு.”

அம்மா கையிலிருந்த கரித்துணியை அவர்மேல் வீசினாள். அது தோளில் விழுந்தது. அதை எடுக்காமலே மாமா மளமளவென்று சொல்ல ஆரம்பித்தார். பழைய ஆட்டக்காரர் யாராவது இறந்தால், அடுத்து வருகிற உள்ளூர் ஆட்டத்தில் அவருக்கென்று ஒரு நிமிடம் குறித்து மைதானமே எழுந்து கை தட்டும். அது கிளப்பின் வழக்கம். இன்றைக்குத்தான் சீசனின் கடைசி ஆட்டம். அதன் பிறகு மூன்று மாதம் மைதானத்தில் புல்தான் முளைக்கும். ஆட்டத்துக்கான கையேடு வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போய்விடும். அதற்குள் பெயர் கொடுத்தால்தான் உண்டு.

“செவ்வாய்க்கிழமை நர்ஸ் என்ன சொன்னாங்க? ரெண்டு நாள் தாங்கினா அதிகம்னு சொன்னாங்களா இல்லியா? நான் கணக்குப் போட்டேன். மூணு மாசம் கழிச்சு யாருக்கா ஞாபகம் வெச்சிருப்பான்? உயிரோட இருக்கறவனுக்குக் கை தட்ட மாட்டானுங்க. நர்ஸை நம்பினேன், அதான் தப்பு. மச்சான் வழக்கம்போல லேட்டா இறங்கறாரு.”

அவளுக்கு ஒரே நேரத்தில் ஆத்திரமும் சிரிப்பும் வந்தது. கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டாள்.

கேப்டன் கோட்டுப் பையிலிருந்து இன்றைய கையேட்டை எடுத்து நீட்டினார். நான்காம் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் அப்பா. இருபத்தேழு வயது, நீலச் சட்டை, மண் ஒட்டிய முழங்கால். கீழே, ‘எண்பதாவது நிமிடத்தில் அனைவரும் எழுந்து நின்று கை தட்டவும்’ என்று இருந்தது.

“கிளப் தலைவருக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவாரு,” என்றார் கேப்டன். “நியாயமா நான் போய்ச் சொல்லணும்.”

அப்பா மறுபடி, “யாருன்னு கேக்கறேன்ல,” என்றார்.

மலர்வளையத்தை வெளியே வைக்கவும் முடியாது, தெருவே பார்க்கும். கேப்டன் அதைச் சாய்த்து, கதவில் இடிக்காமல் நுழைத்து, அப்படியே முன்னறைக்குள் கொண்டுபோய்விட்டார். அப்பா கண்ணைத் திறந்து கேப்டனைப் பார்த்தார். பிறகு பூவைப் பார்த்தார். ரிப்பனில் இருந்த பதினான்கு என்ற தன் சட்டை எண்ணைப் பார்த்தார்.

“யாருக்கு?”

கேப்டன் மாமாவைப் பார்த்தார். மாமாதான் சொன்னார். “உங்களுக்குத்தான் மச்சான். கொஞ்சம் முன்னாடியே வந்துடுச்சு.”

அப்பாவின் மார்பு குலுங்கியது. இருமல் என்று பயந்து அவள் ஓடினாள். சிரிக்கிறார்! பத்து நாளாகத் தண்ணீரைக்கூட ஸ்பூனில் வாங்கிக்கொண்டிருந்த மனிதர், கண்ணோரம் ஈரம் வழியச் சிரித்தார்.

“எத்தனாவது நிமிஷம்?”

“எண்பது,” என்றார் கேப்டன். “உனக்கு வேற என்ன நிமிஷம் வைக்க முடியும்?”

சிரிப்பு மெல்ல அடங்கியது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“எண்பதுல எல்லாரும் பஸ்ஸுக்குப் போயிருப்பாங்களே.”

இந்த வீட்டில் அதைப் புரிந்துகொள்ளாதவர் யாரும் இல்லை.

இருபத்திரண்டு வயதில் ஒரு பையும் ஒரு ஜோடி பூட்ஸுமாகக் கடல் தாண்டி வந்தவர் அப்பா. பெரிய கிளப்பில் சேர்த்துவிடுவதாகக் கூட்டிவந்த ஏஜென்ட் விமான நிலையத்திலேயே காணாமல் போனான். நான்கு கிளப்புகளில் போய் நின்றார். ஒரு இடத்தில் இருபது நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் நான்காவது டிவிஷனில் தத்தளித்துக்கொண்டிருந்த இந்தக் கிளப்தான் எடுத்துக்கொண்டது. அதுவும் இடது ஓரத்தில் ஆடுகிறவன் கால் உடைந்து கிடந்ததால். கிளப் கொடுத்த காசு வாடகைக்கே போதவில்லை. ரொட்டி ஆலையில் விடிவதற்கு முன்பே வேலை. எட்டு மணி நேரம் அடுப்பு முன்னால் நின்றுவிட்டு, மாவு வாசனையோடு மைதானத்துக்குப் போவார். பயிற்சியாளருக்கு அது தெரியும். அதனால் முதலில் இறக்கவே மாட்டார். எண்பதாவது நிமிடம் வந்ததும் பெஞ்சைத் திரும்பிப் பார்த்து விரலைச் சொடுக்குவார். எதிரணியின் தடுப்பாட்டக்காரன் கால் ஓய்ந்து நிற்கும்போது, ஓய்வெடுத்த காலோடு ஒருவன் வந்து அவன்மேல் ஓடினால் எப்படி இருக்கும்! ஒன்பது சீசன், இருநூற்றுச் சொச்சம் ஆட்டம், எல்லாமே அந்தக் கடைசிப் பத்து நிமிடம்தான். ஆட்டக்காரர்கள் அவரை ‘எண்பது’ என்றே கூப்பிட்டார்கள்.

ஆனால் மைதானத்துக்கு அருகே, இந்தத் தெரு முனையில் நாலு நாற்பத்தொன்றுக்கு ஒரு பஸ் உண்டு. அதை விட்டால் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். எண்பதாவது நிமிடம் ஆனதும் கூட்டத்தில் பாதி எழுந்துவிடும். அப்பா வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடும்போது இருக்கைகளில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். அவளைச் சின்ன வயதில் மாமா கூட்டிப் போவார். எழுந்து போகிறவர்களின் தொடைகளும் பைகளும் அவள் முகத்தில் இடிக்கும். அப்பா மொத்தம் பதினொரு கோல் போட்டார். அவள் போயிருந்த நாட்களில் இரண்டு. இரண்டையும் அவள் பார்க்கவில்லை. ஒரு பருத்த மனிதரின் கோட்டு முதுகைத்தான் பார்த்தாள்.

வளர்ந்து அவள் பஸ் ஓட்டுநரானாள். பல சனிக்கிழமைகளில் அந்த நாலு நாற்பத்தொன்றை அவளே ஓட்டியிருக்கிறாள். சீக்கிரம் கிளம்பி வந்தவர்களை ஏற்றும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு கோபம் வரும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

“இன்னிக்குப் போக மாட்டாங்கடா,” என்றார் கேப்டன், கட்டிலோரம் குனிந்து. “ஜெயிச்சாத்தான் இந்த டிவிஷன்ல இருப்போம். இல்லேன்னா கீழ. டிக்கெட் பூரா வித்துடுச்சு.”

“பாக்கலாம்,” என்றார் அப்பா.

“பாக்கலாம்னா? நான் தலைவர்கிட்ட வாயைத் திறக்கப் போறதில்ல. இந்த வீட்டுக்குள்ள நான் வரவும் இல்ல, உன்னைப் பாக்கவும் இல்ல. ஆனா ஒண்ணு.” கேப்டன் விரலை நீட்டினார். மைதானத்தில் நீட்டிய அதே விரலாக இருக்க வேண்டும். “எண்பதுக்கு முன்னாடி கிளம்பினே, அப்புறம் தெரியும் சேதி.”

மலர்வளையத்தைக் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்திவைத்துவிட்டு அவர் போனார்.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் வந்து நாடியைப் பார்த்தாள். வாசல்வரை போய், அவளிடம் தனியாக, “சாயந்திரம் வரைக்கும்கூடச் சொல்ல முடியாது. பக்கத்துலயே இருங்க,” என்றாள். குளியலறைக்குக் கை கழுவப் போனபோது பூவைப் பார்த்திருப்பாள் போல. ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் போகும்போது ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

ஓட்டுநர் புத்தி, அவள் உடனே கணக்குப் போட்டாள். மூன்று மணிக்குத் தொடக்கம். முதல் பாதியில் நாலு நிமிடம் கூடுதல் என்று வைத்தால், இடைவேளை பதினைந்து, நாலு மணி நாலு நிமிடத்துக்கு இரண்டாம் பாதி. எண்பதாவது நிமிடம் என்பது நாலு முப்பத்தொன்பது. இன்னும் நாலரை மணி நேரம். அப்பாவின் இரண்டு மூச்சுக்கு நடுவில் இப்போதே ஆறு எண்ண முடிந்தது.

மைதானம் இரண்டு தெரு தள்ளித்தான். மூன்று மணிக்கு ஜன்னலை அகலத் திறந்தாள். மாமா கைபேசியில் கிளப்பின் நேர்முக வர்ணனையைப் போட்டு மேஜைமேல் வைத்தார். வர்ணனை நாற்பது விநாடி பின்தங்கி வந்தது. முதலில் ஜன்னல் வழியாகச் சத்தம் வரும். அது என்ன சத்தம் என்று பிறகுதான் கைபேசி சொல்லும். அந்த நாற்பது விநாடி பெரிய கொடுமை. முப்பதாவது நிமிடத்தில் ஜன்னல் ‘ஆ’ என்று முனகி அமைதியானது. மூவரும் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரணி ஒரு கோல்.

“கண்ணை மூடிக்கிட்டு நிக்கறானா அந்தக் கோல்கீப்பர்,” என்று மாமா பல்லைக் கடித்தார்.

இடைவேளையில் அப்பா ஏதோ முனகினார். அவள் காதைக் கொண்டுபோனாள். “கால் குளிருது.”

அம்மா அலமாரியைத் திறந்து கீழ்த்தட்டில் துழாவினாள். எழுந்தபோது அவள் கையில் நீலக் காலுறைகள் இருந்தன, முழங்கால்வரை வருகிறவை. குதிகாலில் இரண்டு இடத்தில் தைத்திருந்தது. அம்மா ஒரு ஆட்டத்துக்கும் போனதில்லை. சனிக்கிழமைகளில் அவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. இத்தனை வருடமாக, பந்து என்றாலே, “சோறு போட்டுதா அது?” என்பாள். அந்தக் காலுறையை அவள் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது மகளுக்கே இன்றுதான் தெரிந்தது.

அம்மா கட்டில் முனையில் உட்கார்ந்து, தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி, மெலிந்துபோன கெண்டைக்கால்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்து முடித்துக் காலுறையை மாட்டிவிட்டாள்.

ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் ஜன்னல் அதிர்ந்தது. மாமா குதித்துவிட்டார். “நம்மளுதுதான்! சத்தத்தைக் கேட்டாலே தெரியல?” நாற்பது விநாடி கழித்துக் கைபேசியும் கத்தியது. ஒன்றுக்கு ஒன்று. இன்னும் ஒன்று வேண்டும்.

அவளுக்கு வேண்டியது வேறு. அப்பாவின் மூச்சுக்கு நடுவில் பன்னிரண்டு, பிறகு பதினைந்து எண்ணினாள். அறுபத்தாறாவது நிமிடம். எழுபத்தொன்று. ஒரு மூச்சு போனது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். “அப்பா!” இருபத்திரண்டில் மார்பு ஏறியது.

“இன்னும் ஒன்பது நிமிஷம்தாங்க,” என்றாள் அம்மா, காலைப் பிடித்தபடியே. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்கிற அதே குரலில். “வாழ்க்கை பூரா பெஞ்சுல உக்காந்து பழகினவருதானே நீங்க. ஒன்பது நிமிஷம் என்ன பெரிய விஷயம்? பொறுங்க.”

அப்பாவின் விரல்கள் போர்வையில் அசைந்தன.

எழுபத்தைந்து. மாமா உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அறையை அளந்துகொண்டிருந்தார். எழுபத்தேழு. பந்து எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியவில்லை, ஜன்னலில் ஓயாத இரைச்சல். எழுபத்தொன்பது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். தன் இதயம் காதுக்குள் அடிப்பது கேட்டது. பயம் மட்டும் இல்லை. அவள் வாழ்க்கையில் இப்படி ஒரு ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. அறிவிப்பாளர் ஏதோ சொன்னார். காற்றில் சொற்கள் சிதறின, ஆனால் ‘பதினான்கு’ என்பது தெளிவாகக் கேட்டது.

முதலில் ஒரு பக்கத்திலிருந்து வந்தது. பிறகு எதிர்ப்பக்கம். பிறகு கோல் கம்பங்களுக்குப் பின்னாலிருந்தும். கை தட்டல் மழைபோல வலுத்து, தெருவைத் தாண்டி, ஜன்னல் வழியாக வந்து அறையை நிறைத்தது. மேஜைமேல் இருந்த ஸ்பூன் கிணுகிணுத்தது. மாமா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா கண்ணைத் திறந்திருந்தார். இடது கை போர்வையிலிருந்து வெளியே வந்தது. கட்டை விரலும் சுட்டு விரலும் எதையோ தேடின. சட்டையின் கைப்பட்டியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். உள்ளே இறங்குவதற்கு முன்னால் அவர் எப்போதும் செய்வது அது. முதுகுகளுக்கு நடுவே அவள் பார்த்திருந்ததும் அது ஒன்றைத்தான்.

உதடு அசைந்தது. அவள் குனிந்தாள்.

“பஸ் ஸ்டாப்ல?”

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். தெரு முனையில் நிறுத்தம் முழுசாகத் தெரிந்தது. கூரை, பெஞ்சு, கால அட்டவணை ஒட்டிய கம்பம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு நாற்பத்தொன்று திரும்பி வந்தது, கொஞ்சம் முன்கூட்டியே. அவளோடு வேலை செய்கிற பையன்தான் ஓட்டினான். நின்றது. இரண்டு கதவும் திறந்தன. ஓட்டுநர் தலையை நீட்டி மைதானத்துப் பக்கம் பார்த்தான். கதவுகள் மூடின. காலி இருக்கைகளோடு பஸ் போனது.

“ஒருத்தர்கூட இல்லப்பா,” என்று கத்தினாள். மெதுவாகச் சொல்ல அவளால் முடியவில்லை. “ஒரு ஈ காக்கா இல்ல! பஸ் காலியாப் போகுது! எல்லாரும் உள்ளதான் இருக்காங்க!”

அப்பா சிரித்தாரா என்று பிறகு அம்மா கேட்டாள். சிரித்தார் என்றுதான் அவள் சொன்னாள். சொன்னது பொய்யில்லை.

கைபேசியில் அந்தக் கை தட்டல் மறுபடி ஒருமுறை வந்துகொண்டிருந்தபோதே ஜன்னலில் புதிய ஒரு கர்ஜனை கிளம்பியது. பழைய கை தட்டல் எங்கே முடிந்து இது எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியவில்லை. மாமா கையை முகத்திலிருந்து எடுத்தார். “கோலா? கோல்தானே அது? சொல்லித் தொலைடா!” என்று கைபேசியை உலுக்கினார். கைபேசி சாவகாசமாகக் கை தட்டிக்கொண்டிருந்தது. பிறகு வர்ணனையாளர் அலறினார். இரண்டுக்கு ஒன்று! மாமா மலர்வளையத்துக்கு அருகில் ஓடிப் போய் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி ஓடி வந்தார். அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் கை தைலத்தில் வழுக்கியது.

கடைசி நிமிடங்கள் எப்படிப் போயின என்று அவளுக்கு வரிசையாக நினைவில்லை. ஆறு நிமிடம் கூடுதல் கொடுத்தார்கள். மாமா நடுவரின் ஏழு தலைமுறையையும் திட்டினார். இரண்டு தடவை ஜன்னல் மூச்சை இழுத்துப் பிடித்து, இரண்டு தடவை விட்டது. பிறகு விசில். அதைத் தொடர்ந்து எழுந்த சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

“ஜெயிச்சுட்டோம்பா!” என்று அவள் திரும்பினாள்.

அம்மா காலைத் தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள். கை மட்டும் நீலக் காலுறைமேல் அப்படியே இருந்தது.

அவள் எண்ணினாள். இருபது. முப்பது. மாமா கைபேசியை அணைக்கப் போனார். அதில் இன்னும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. வர்ணனையாளர் மூச்சு வாங்க, பந்து இடது ஓரத்துக்குப் போகிறது, இன்னும் சில விநாடிகள்தான் என்றார்.

“இருக்கட்டும்டா,” என்றாள் அம்மா. “அதுலயும் முடியட்டும்.”

மூவரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிலும் விசில் அடித்தது. மாமா அதை அணைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு ஐம்பத்தைந்து. அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். வாளியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

அவள் அழுதாள். அம்மா தன் புடவைத் தலைப்பால் அப்பாவின் கண்ணோரத்தைத் துடைத்தாள், வாயை ஒழுங்குபடுத்தினாள். பிறகு மலர்வளையம் வந்தது. மாமா அதைக் கட்டிலின் காலடியில் நிறுத்தி, ரிப்பனை நேராக்கி, தள்ளி நின்றார். தரை முழுக்க ஈரம்.

வெளியே கூட்டம் தெருவுக்கு வந்துவிட்டது. பாட்டும் கூச்சலுமாக நீலச் சட்டைகள். அப்பாக்களின் தோளில் குழந்தைகள். அம்மா ஜன்னலைச் சாத்த எழுந்தாள்.

“வேணாம்மா.”

அவள் ஜன்னலருகே நின்றாள். நிறுத்தத்தில் இப்போது நூறு பேராவது இருப்பார்கள். கையேட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் பெஞ்சின்மேல் ஏறி அந்தக் கடைசிக் கோலை நடித்துக் காட்டினார். ஐந்து மணி ஒரு நிமிடத்துக்கு வரவேண்டிய பஸ் வந்தது. முந்தைய நிறுத்தத்திலேயே நிரம்பி, நிற்காமல் போய்விட்டது. அடுத்ததற்கு இருபது நிமிடம் ஆகும். அங்கே ஒருவருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.